கடல் கடந்த சிறுமியர்

அயல்நாட்டிற்குச் சென்று பயிலும் மாணவர் இன்று பலர். ஒரு நாட்டு மாணவர் மற்றொரு நாட்டுக் குடும்பத்தில் ஓராண்டு தங்கிப் படிப்பதும், அந்நாட்டு மாணவர் இந்நாட்டுக்கு வந்து தங்குவதும் வழக்கமாகிவிட்டன. வானூர்தியில் ஏறினால் மறுநாள் சென்று இறங்குவர். அன்றிரவே தாயின் முகத்தைத் தொலைபேசியிற் கண்டு பேசுவர். அவ்வாறிருந்தும், புதிய ஊரின் உணவும் உடையும் வணங்கும் முறையும் பழகுமுன் அவர்கள் படும் பாடு சிறிதன்று. மாணவர்களே! தொலைபேசியே இல்லாத காலத்தில், 6 வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரு சில ஆங்கிலச் சொற்களை மட்டுமே அறிந்தவளாய், பத்தாண்டுகள் தங்கிப் படித்து வருமாறு கடல் கடந்து அனுப்பப்பட்டாள் என்றால் நம்புவீர்களா? அவள் பெயர் சுடா உமே. அவள் பிறந்த நாடு ஜப்பான், சென்ற நாடு அமெரிக்கா, ஆண்டு 1871.

உமே என்பது ஜப்பானியர் போற்றும் ஒரு பூமரத்தின் பெயர். பனி நீங்குமுன்னரே மலரும் இயல்புடையது அம்மரம். பிறந்தது மீண்டும் பெண்ணே என்று கேட்டுத் தந்தை மனம் சோர்ந்து, பெயரிடாமலே இருந்துவிட்டாராம். தாயே தன் படுக்கையருகே தொட்டியில் மலர்ந்திருந்த மரத்தைப் பார்த்து அப்பெயரைச் சூட்டினாள் என்று சொல்வர்.

அந்நாளைய ஜப்பான் பெரியதொரு மாற்றத்தின் நடுவே இருந்தது. நெடுங்காலம் அயல்நாட்டாரைத் தன் எல்லைக்குள் விடாது கதவடைத்திருந்த நாடு அது. 1868ஆம் ஆண்டில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் பழைய ஆட்சி வீழ்ந்து, பேரரசர் மெய்ஜியின் பெயரால் புதிய அரசு எழுந்தது. மேலைநாட்டாரின் கல்வியும் தொழிலும் விரைந்து கற்றாலன்றி நாடு தலைநிமிர இயலாது என அப்புதிய அரசினர் கருதினர். வடக்கேயுள்ள ஹொக்கைடோத் தீவைத் திருத்திக் குடியேற்றும் பொறுப்பு ஓர் அரசுத் துறையிடம் இருந்தது. அதன் தலைவர்களுள் ஒருவரான குரோடா கியோட்டகா என்பவர் அமெரிக்கா சென்று, அங்குள்ள பெண்கள் கல்வி பெற்றிருப்பதைக் கண்டு வியந்தார். தாய் கற்றவளாயின் மக்களும் கற்றவராவர் என்பது அவர் எண்ணம். ஆண்களைப்போலப் பெண்களையும் அயல்நாட்டிற் பயிற்றவேண்டும் என்று அவர் அரசுக்கு எடுத்துரைத்தார்.

பயணச் செலவும் படிப்புச் செலவும் அரசே ஏற்கும். பத்தாண்டு தங்கவேண்டும் என அறிவிப்பு வெளிவந்தது. முதலில் ஒருவரும் முன்வரவில்லை. தாம் பெற்ற மகளைப் பத்தாண்டு பிரிய யார்தாம் இசைவர்? மறுமுறை அறிவித்தபோது ஐவர் கிடைத்தனர். அவ்வைவரும், போரில் தோற்ற பக்கத்தைச் சேர்ந்த வீரர் குடும்பத்துப் பெண்கள். நிலமும் பதவியும் இழந்த குடும்பங்களுக்கு மக்களை வளர்க்க வேறு வழி அரிதாக இருந்தது. ஆகவே, கல்வியின்மேல் உள்ள ஆர்வம் ஒன்றே அவர்களை அனுப்பியது என்று நாம் எண்ணிவிடலாகாது.

யோஷிமசு ரியோ, உயேடா தெய் என்னும் இருவர் மூத்தவர். 14 வயதை ஒட்டியவர். யமகாவா சுதேமட்சுவுக்கு 11 வயது. நகாய் ஷிகேக்கு 10 வயதை ஒட்டி இருக்கும். இவர்களுள் சுதேமட்சு, 1868ஆம் ஆண்டுப் போரில் அயிசு நகரக் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது அதனுள் இருந்தவள். சகி என்பதே அவளது முந்தைய பெயர். புறப்படும் வேளையில் தாய் அதனை மாற்றினாள். ‘சுதே’ என்பது எறிந்துவிடுதலைக் குறிக்கும். ‘மட்சு’ என்பதன் ஒலியில் காத்திருத்தல் என்னும் பொருளும் உண்டு. உன்னை எறிந்துவிட்டேன், ஆயினும் காத்திருப்பேன் என்று அத்தாய் தன் நெஞ்சத்தை ஒரு பெயருக்குள் அடக்கி மகளிடம் கொடுத்தனுப்பினாள்.

அரசியார் அவ்வைவரையும் அரண்மனைக்கு அழைத்துப் பரிசளித்தார். 1871ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், அமைச்சர் இவாகுரா தொமோமி தலைமையில் ஏறத்தாழ 100 பேர் கொண்ட தூதுக்குழு யோகோகாமாத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. சிறுமியர் ஐவரும் அதே கப்பலில் ஏறினர். வழியனுப்ப வந்த கூட்டத்திற் சிலர், இக்குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு நெஞ்சம் கல்லோ என்று வாய்விட்டே பேசிக்கொண்டனராம். கப்பல் நடுக்கடலிற் சென்றுகொண்டிருந்தபோதுதான் உமேக்கு 7 வயது நிரம்பியது.

1872 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ வந்துசேர்ந்தனர். அங்கிருந்து இருப்புப்பாதை வழியே கிழக்கே செல்லவேண்டும். மலைநாட்டில் கடும்பனி பெய்து பாதையை மூடிவிட்டமையால், சால்ட்லேக் நகரில் இரண்டு வாரத்திற்குமேல் காத்துக் கிடந்தனர். பிப்ரவரி 29ஆம் நாள் வாஷிங்டன் நகரை அடைந்தனர். அங்கே ஜப்பானிய அரசின் பேராளராக இருந்தவர் மோரி அரினோரி என்னும் இளைஞர். பச்சைக் குழந்தையை அல்லவா அனுப்பிவைத்திருக்கிறார்கள், இதனை வைத்துக்கொண்டு நான் என் செய்வேன் என்று உமேயைக் கண்டு அவர் திகைத்தார் என்பர். திகைப்பில் வியப்பில்லை, அவருக்கும் அப்போது 25 வயதுகூட நிறையவில்லை.

இனி, அச்சிறுமியர் எதிர்ப்பட்ட வேறுபாடுகளைச் சிறிது எண்ணிப் பாருங்கள். அக்கால ஜப்பானிய வீட்டில் நாற்காலி இல்லை. கோரையும் வைக்கோலும் கொண்டு செய்த தடித்த பாய் தரை முழுதும் பரந்திருக்கும். மண்டியிட்டுக் குதிகால்மேல் நிமிர்ந்து அமர்வதே மரியாதை. நம் வீடுகளிற் போலவே அங்கும் காலணியை வாயிலிற் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அமெரிக்க வீட்டிலோ காலணியோடு கூடம் வரை நடந்து வந்தனர். கால் தரையில் எட்டாத உயரத்தில் நாற்காலி இருந்தது. ஜப்பானியர் ஒருவரையொருவர் தொடாமல் குனிந்து வணங்குவர். அமெரிக்கரோ கையைப் பற்றிக் குலுக்குவர். குழந்தையைக் கண்டால் அணைத்து முத்தமிடுவர். சோறும் மீனும் கீரையும் உண்டு வளர்ந்த நாவிற்குப் பாலும் வெண்ணெயும் மாட்டிறைச்சியும் முதலில் மணத்தாலேயே ஒவ்வாதவை. வயதைக் கணக்கிடும் முறைகூட வேறு. பிறந்தபோதே 1 வயது என்றும், புத்தாண்டு தோறும் ஒன்று கூடும் என்றும் அக்கால ஜப்பானியர் எண்ணினர். ஆதலால், கப்பல் ஏறியபோது உமே தன் வயது 8 என்றே சொல்லியிருப்பாள்!

மூத்தவர் இருவருக்கும் இம்மாற்றம் ஒத்துவரவில்லை. உடல்நலம் குன்றி அவ்வாண்டிலேயே தாயகம் திரும்பினர். எஞ்சிய மூவரும் சேர்ந்தே இருந்தால் ஆங்கிலம் கற்கமாட்டார்கள் எனக் கருதி, அவர்களை வெவ்வேறு குடும்பங்களிற் சேர்த்தனர். சுதேமட்சு, நியூஹேவன் நகரில் பேக்கன் என்னும் சமயகுருவின் வீட்டிற்கும், ஷிகே அதனருகே ஃபேர்ஹேவனில் ஆபட் குடும்பத்திற்கும் சென்றனர். உமே, வாஷிங்டனை அடுத்த ஜார்ஜ்டவுனில் சார்லஸ் லான்மன் என்பாரின் இல்லத்தில் வளர்ந்தாள். லான்மன் ஜப்பானியத் தூதரகத்திற் செயலாளராகப் பணியாற்றியவர். அவருக்கும் அவர்தம் மனைவி அடலைனுக்கும் மக்கட்பேறு இல்லை. உமேயைத் தம் மகளாகவே கொண்டனர்.

சிறு வயதினர்க்கு ஒரு நன்மை உண்டு. பெரியவர்கள் ஆண்டுக்கணக்கிற் கற்பதைக் குழந்தைகள் திங்கட்கணக்கிற் கற்றுவிடுவர். உமே விரைவிலேயே ஆங்கிலம் பேசினாள், எழுதினாள், ஆங்கிலத்திலேயே எண்ணவும் தொடங்கினாள். பள்ளியில் நன்கு படித்தாள். லான்மன் வீட்டு நூல்களை விரும்பிக் கற்றாள். வந்தவிடத்தில் முற்றும் பொருந்திவிட்ட மாணவி என்று எவரும் அவளைப் பாராட்டியிருப்பர். ஆனால், புதிய மொழி உள்ளே வர வர, பழைய மொழி ஓசையின்றி வெளியேறிக்கொண்டிருந்தது. அதனை அவளும் உணரவில்லை; அவளை வளர்த்தோரும் தடுக்க வழியில்லை. ஜார்ஜ்டவுனில் அவளோடு ஜப்பானிய மொழி பேச யார் இருந்தார்கள்?

சுதேமட்சுவின் நிலை இதனின் வேறாக இருந்தது. அவள் தமையன் கென்ஜிரோ அதே நகரில் யேல் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தார். பிற்காலத்தில் டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கியவர் அவர். தங்கை தாய்மொழியை மறத்தல் கூடாது என அவர் உறுதிகொண்டு, வாரந்தோறும் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர் ஊர் திரும்பும் வரை, அதாவது 1875 வரை, அப்பாடம் நடந்தது. மொழி ஒரு விளக்கு என்றால் அதற்கு நாள்தோறும் எண்ணெய் வார்ப்பார் ஒருவர் வேண்டுமல்லவா? சுதேமட்சுவுக்கு அவ்வொருவர் வாய்த்தார்; உமேக்கு வாய்க்கவில்லை. சிறுமியரை அனுப்பிய அரசினர், பயணத்திற்கும் படிப்பிற்கும் பொருள் ஒதுக்கினர். ஆறு வயதுக் குழந்தை பத்தாண்டில் தன் மொழியை வைத்துக்கொள்ளுமா என்று எண்ணிப் பார்க்கவில்லை. இதனைப் பெரும்பிழை என்றே நான் கருதுகிறேன். அவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்த மோரியோ, ஜப்பான் முழுதுமே ஆங்கிலத்தைத் தன் மொழியாகக் கொள்ளலாம் என்று அக்காலத்தில் எழுதியவர்! அவரிடம் இக்கவலையை எதிர்பார்த்தல் இயலாது.

ஷிகேயும் சுதேமட்சுவும் வாசர் கல்லூரியிற் சேர்ந்தனர். ஷிகே அங்கு இசை பயின்று 1881இல் ஊர் திரும்பினாள். சுதேமட்சு 1882இல் பட்டம் பெற்றாள். கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவளே. அவ்வாண்டு நவம்பரில் அவளும் உமேயும் ஒரே கப்பலில் யோகோகாமாவில் வந்து இறங்கினர். உமேக்கு அப்போது 18 வயது நிரம்ப ஒரு திங்களே குறைவு.

அவள் புறப்பட்டபோது ஜப்பானில் இருப்புப்பாதை கிடையாது. இப்போதோ யோகோகாமாவிலிருந்து டோக்கியோவிற்குப் புகைவண்டி ஓடிக்கொண்டிருந்தது. நாடு அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அது தன் வழியே வெகுதொலைவு நடந்திருந்தது. அவளும் வேறொரு வழியே வெகுதொலைவு நடந்து வந்திருந்தாள்.

வீட்டில் தாய் ஹட்சுகோ நின்றாள். பதினோராண்டுக்கு முன் தன் கையைவிட்டுப் போன மகள், வளர்ந்த பெண்ணாய் மேனாட்டு உடையில் வந்து எதிரே நிற்கிறாள். எத்தனை சொல்ல இருக்கும்! எத்தனை கேட்க இருக்கும்! ஆனால், தாய் பேசுவது மகளுக்கு விளங்கவில்லை. மகள் பேசுவது தாய்க்கு விளங்கவில்லை. தந்தை சுடா சென் ஆங்கிலம் அறிந்தவர். அவர் இடையே இருந்து மொழிபெயர்த்தார். பெற்ற தாயோடு பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டிய நிலையைக் காட்டிலும் பெரிய பிரிவு, இடையே கடல் கிடந்தபோதும் இருந்ததில்லை.

அமெரிக்காவில் 7 வயதில் கற்றவற்றையெல்லாம் இப்போது தலைகீழாகக் கற்கவேண்டியிருந்தது. வாயிலிற் காலணியைக் கழற்றவேண்டும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மண்டியிட்டு அமர்ந்தால் சிறிது நேரத்தில் கால் மரத்துப்போகும், எழ முடியாது. யாருக்கு எவ்வளவு குனிந்து வணங்குவது, மூத்தோரிடம் எச்சொல், இளையோரிடம் எச்சொல் என்பவை நுண்ணிய கணக்குகள். ஜப்பானிய மொழியில் மரியாதைக்கெனத் தனி வினைச்சொற்களே உண்டு. அவை தவறினால் பேச்சே பிழையாகும். அயல்நாட்டார் ஒருவர் இவற்றில் தவறினால் ஊரார் புன்னகை செய்து பொறுத்துக்கொள்வர். ஜப்பானிய முகத்தோடு ஒருத்தி தவறினால் பொறுப்பாரா? அமெரிக்காவில் அவள் விருந்தினள். அவளுக்குக் கற்பிக்க அனைவரும் விரைந்தனர். பிறந்த ஊரிலோ அவள் இவற்றையெல்லாம் தெரிந்திருக்க வேண்டியவள். அயலூரிற் பழகுவதைவிடத் தன்னூரிற் பழகுவது அவளுக்குக் கடினமாயிருந்ததற்குக் காரணம் இதுவே.

இவற்றையெல்லாம் அவள் யாரிடம் சொல்லி ஆறுவாள்? ஜார்ஜ்டவுனில் இருந்த அடலைன் அம்மையாருக்குக் கடிதங்கள் எழுதினாள். பல்லாண்டுகள் இடைவிடாது எழுதிக்கொண்டேயிருந்தாள். நூற்றுக்கணக்கான அக்கடிதங்கள் பின்னாளில் ஜப்பானுக்கு வந்து, 1984ஆம் ஆண்டில் ஒரு கட்டடத்தின் மேற்கூரை அறையிலிருந்து கண்டெடுக்கப்பட்டன. அன்றாட வாழ்வின் சிறு சிறு துன்பங்களும் வேடிக்கைகளும் அவற்றில் நிறைந்துள்ளன.

இதனினும் பெரியதோர் ஏமாற்றமும் காத்திருந்தது. நாட்டுக்குத் தொண்டு செய்யவே தாம் அனுப்பப்பட்டோம் என்னும் நினைவோடு வந்தவர்கள் அவர்கள். ஆனால், அனுப்பிய துறை அவ்வாண்டின் தொடக்கத்திலேயே கலைக்கப்பட்டுவிட்டது. இளைஞர்கள் அயல்நாட்டுக் கல்வி பெற்றுத் திரும்பினால் பதவிகள் எதிர்கொண்டன. பெண்களுக்கு என்ன வேலை தருவது என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. சுதேமட்சுவுக்குப் பெண்கள் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஒன்று வருவதாயிருந்தது. ஆனால், பாடநூலைப் படிக்கவும் கரும்பலகையில் எழுதவும் வேண்டிய ஜப்பானிய எழுத்து அவளுக்குப் போதவில்லை. பேச்சு ஓரளவு இருந்தும் எழுத்து இல்லாமையால் அப்பணி கைகூடவில்லை. மூவருள் உடனே பணி பெற்றவள் ஷிகே ஒருத்தியே. அவள் கற்பித்தது பியானோ. அதற்கு எந்நாட்டு எழுத்தும் வேண்டுவதில்லை.

ஷிகே, அமெரிக்காவிற் பயின்ற கடற்படை அலுவலர் ஒருவரை மணந்தாள். சுதேமட்சு 1883இல் படைத்துறை அமைச்சர் ஓயாமா இவாவோவை மணந்தாள். அவரோ, 1868ஆம் ஆண்டில் அவள் இருந்த கோட்டையை முற்றுகையிட்ட படையில் இருந்தவர்! தெற்கத்தியரான அவர் பேச்சு வடக்கத்தியளான அவளுக்கு விளங்காமையால், தொடக்கத்தில் இருவரும் பிரெஞ்சு மொழியிற் பேசிக்கொண்டனர் என்றும் கூறுவர். உயர்குடி மகளிரைத் திரட்டி, 1884இல் மருத்துவமனைச் செவிலியர் பயிற்சிக்காக அறச்சந்தை ஒன்று நடத்திப் பொருள் சேர்த்தவர் இவ்வம்மையார்.

உமே மணம் செய்துகொள்ள இசையவில்லை. முன்பு அமெரிக்கக் கப்பலில் உடன்சென்ற தூதர்களுள் ஒருவரான இட்டோ ஹிரோபூமி, தம் குடும்பத்தார்க்கு ஆங்கிலம் கற்பிக்குமாறு அவரை அழைத்தார். 1885இல் தொடங்கிய உயர்குடிப் பெண்கள் பள்ளியில் உமே ஆசிரியரானார். அங்குப் பயின்ற பெண்கள் நன்னடை உடையவர்களே. எனினும், கல்வியை ஓர் அணிகலனாகவே அவர்கள் கொண்டிருந்தனர் என்பது உமேயின் மனக்குறை. தாமும் கல்லூரிக் கல்வி பெறவேண்டும் என விரும்பி, 1889இல் மீண்டும் அமெரிக்கா சென்று பிரின்மார் கல்லூரியிற் சேர்ந்தார். இம்முறை அனுப்பப்பட்டவராக அன்று. தாமே விரும்பிச் சென்றவராக. அங்கே உயிர்நூல் பயின்று, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மார்கன் என்னும் அறிஞரோடு தவளை முட்டையைப்பற்றி ஆராய்ந்தார். அக்கட்டுரை 1894இல் இருவர் பெயராலும் வெளிவந்தது. அங்கேயே தங்கி ஆராய்ச்சியைத் தொடர வாய்ப்பிருந்தும் 1892இல் ஊர் திரும்பினார். திரும்புமுன், ஜப்பானியப் பெண்கள் அமெரிக்காவில் படிப்பதற்கென அங்குள்ள மகளிரைக்கொண்டு நிதி ஒன்றும் திரட்டினார்.

1900ஆம் ஆண்டில், டோக்கியோவில் சிறியதொரு வாடகை வீட்டில், எக்குடியிற் பிறந்த பெண்ணும் சேர்ந்து பயிலத்தக்க ஆங்கிலப் பள்ளி ஒன்றை உமே தொடங்கினார். முதலில் வந்த மாணவியர் 10 பேர். சுதேமட்சு அப்பள்ளிக்குத் துணைநின்றார், ஷிகே கைகொடுத்தார். சுதேமட்சுவை வளர்த்த பேக்கன் குடும்பத்து மகள் ஆலிஸ், கடல் கடந்து வந்து ஊதியம் பெறாமல் கற்பித்தார். சிறுவயதிற் பெற்ற நட்பு ஒன்றுகூட அவர்களைக் கைவிடவில்லை. அப்பள்ளியே வளர்ந்து, இன்று டோக்கியோவின் கொதைரா நகரில் சுடா பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அடலைன் அம்மையாருக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்ததும் அங்குள்ள கட்டடத்தில்தான். உமே 1929இல் மறைந்தார். 2024 ஜூலை முதல் ஜப்பானின் 5000 யென் பணத்தாள் அவர் உருவத்தைத் தாங்கி வருகிறது.

அவரிடம் பயின்றோர் பெரிதும் நினைவுகூர்ந்தது அவருடைய கண்டிப்பை. ஆங்கிலச் சொல் ஒன்றை மாணவி பிழையாக ஒலித்தால் விடமாட்டார்; மீண்டும் ஒருமுறை, மீண்டும் ஒருமுறை என்று சரியாகும் வரை சொல்லச் செய்வார். தமக்கோ, நாட்குறிப்பும் கடிதமும் எழுத ஆங்கிலமே இறுதிவரை எளிதாக வந்தது. ஜப்பானிய எழுத்தை அவர் வளர்ந்த பின்னர், ஓர் அயல்மொழியைப்போல, ஆசிரியரிடம் அமர்ந்து கற்கவேண்டியிருந்தது.